திரையைப் பார்க்காமல் போட்ட மதிப்பெண்

கம்ப்யூட்டர் கேமில் வினாடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம், வருகிறது என்று யாராவது பேச ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். மிகைப்படுத்தவில்லை. தொண்டைக்குழியில் புளிப்பாக ஏதோ ஏறி நிற்கும். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் இரண்டு பையன்கள் புதிதாக வந்த ஒரு கேமைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். எந்த கிராபிக்ஸ் கார்டு போட்டால் எத்தனை ஃபிரேம், எந்த செட்டிங்கில் எத்தனை குறைகிறது என்று ஒரே கணக்கு. அந்த ஆட்டத்தில் என்ன நடக்கிறது, யார் யாரை எதற்காகச் சுடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தேன். அப்போது நான் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் இதே வியாதியைச் சென்னையில் வீடு வீடாகப் பரப்பியவர்களில் நானும் ஒருவன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜாக்கெட் தைக்கும் கடைக்கு மேல் மாடியில், ஒரு கம்ப்யூட்டர் மாதப் பத்திரிகை நடந்துகொண்டிருந்தது. அதில் கேம்களுக்கு விமர்சனம் எழுதுவதும், திரையில் படம் வரையும் புதுப் புது கிராபிக்ஸ் கார்டுகளைச் சோதித்து எது முதல், எது இரண்டாவது என்று அட்டவணை போடுவதும் என் வேலை. மயிலாப்பூரிலிருந்து தினமும் 12பி பஸ் பிடித்துப் போவேன். கேம் விளையாடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று தெரிந்தவர்களெல்லாம் பொறாமைப்பட்டார்கள். முதல் ஆறு மாதம் நானே என்மேல் பொறாமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு தெளிந்துவிட்டது. அந்த வருடங்களில் வந்த ஆட்டங்களைப் பற்றி இப்போது பலர் உருகி உருகிப் பேசுகிறார்கள். நான் உருக மாட்டேன். மாதம் பத்துப் பன்னிரண்டு சிடி என் மேசைக்கு வரும். அதில் பாதிக்கு மேல் ஒரே ஆட்டம்தான். சேற்று நிறத்தில் ஒரு சுவர், சேற்று நிறத்தில் இன்னொரு சுவர், நடுவில் ஒரு மரப்பெட்டி. பெட்டியை உடைத்தால் சாவி கிடைக்கும். சாவியை எடுத்துப் போனால் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் மறுபடியும் மரப்பெட்டி. அட்டையில் மட்டும் நிஜத்தை மிஞ்சும் காட்சிகள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். உள்ளே போய்ப் பார்த்தால் மனிதர்களின் விரல்கள் ஐந்தும் ஒட்டிப்போய்க் கை தோசைக்கரண்டி மாதிரி இருக்கும். இந்தக் கண்றாவியை இன்னும் துல்லியமாகப் பார்ப்பதற்குப் புது கார்டு வாங்கு என்று அதே அட்டையின் பின்புறம் சொல்லும். ஆறு மாதத்தில் அந்த கார்டும் போதாது என்று இன்னோர் அட்டை சொல்லும். நானும் மாதாமாதம் அதையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆசிரியருக்கு ஐம்பது வயது இருக்கும். கம்ப்யூட்டரில் சீட்டு அடுக்குவதைத் தவிர வேறு கேம் எதையும் தொட்டது கிடையாது. ஆனால் அட்டவணை என்றால் உயிர்.

"படிக்கிறவன் உன் எழுத்தையெல்லாம் படிக்க மாட்டான்ப்பா. டேபிளைத்தான் பாப்பான். எது முதல்ல இருக்குன்னு பாத்துட்டு மூடி வெச்சிடுவான்" என்பார்.

உண்மைதான். விமர்சனத்தில் நான் என்ன திட்டி எழுதினாலும் ஒரு கடிதம் வராது. அட்டவணையில் ஒரு எண் மாறினால் பத்து கடிதம் வரும்.

சோதனை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அசிங்கம் அதில்தான் இருக்கிறது. நாங்கள் சோதனைக்கு வைத்திருந்தது ஒரு படகுப் பந்தய ஆட்டம். அதில் முன்கூட்டியே பதிவு செய்த ஓர் ஓட்டம் உண்டு. நாம் எதையும் தொட வேண்டாம். படகு தானே ஓடி முடித்துவிட்டு, வினாடிக்குச் சராசரியாக எத்தனை படம் வரைந்தது என்று ஒரு எண்ணைச் சொல்லும். எந்த கார்டில் எண் பெரிதோ அந்த கார்டு முதல்.

விமர்சனத்துக்கு வரும் கேம்களை வீட்டுக்கு எடுத்துப் போய் ஆடிவிடுவேன். அலுவலகத்தில் மொத்தம் இரண்டு மானிட்டர். ஒன்று பக்கம் வடிவமைக்கும் அக்காவுக்கு. இன்னொன்று ஆசிரியரின் அறையில் இருந்தது. அதில் அவர் சீட்டு அடுக்குவார். மூடி கழற்றிப் போட்ட என் சோதனை சிபியுவுக்கு மானிட்டரே கிடையாது. ஆரம்பத்தில் அக்காவிடம் கெஞ்சிக் கேட்டு அரை மணி நேரம் வாங்கிக்கொண்டிருந்தேன். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சிபியுவை ஆன் செய்தால் அதுவே ஆட்டத்தைத் தொடங்கி, மூன்று முறை ஓடவிட்டு, மூன்று எண்களையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும்படி சின்னதாக ஒரு கட்டளைத் தொகுப்பு எழுதினேன். மானிட்டரே வேண்டாம். கார்டைச் செருகு, ஸ்விட்சைப் போடு, கீழே போய் டீ குடித்துவிட்டு வா. மதியம் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் அவர் மானிட்டரின் கேபிளை இரண்டு நிமிடம் பிடுங்கிச் செருகிக் கோப்பைப் படித்துக்கொள்வேன்.

படம் வரையும் கார்டுகளை, அவை வரைந்த படத்தை ஒரு முறைகூடப் பார்க்காமல் ஏழெட்டு மாதம் வரிசைப்படுத்தினேன். இதில் எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. ஆசிரியருக்கும் அப்படியே. கண் ஏமாற்றும், எண் ஏமாற்றாது என்ற பொருளில் அட்டவணைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை எழுதியதும் நான்தான்.

ஒரு மாசி மாதம் அடையாறிலிருந்து ஒரு டீலர் புது கார்டு ஒன்று அனுப்பினார். எங்கள் பின்னட்டை விளம்பரம் அவருடையது. பெயர் தெரியாத ஊரில் செய்த கார்டு, கூடவே அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் அடங்கிய ஒரு ஃபிளாப்பி. வழக்கம்போலச் செருகினேன், டீ குடித்தேன், கோப்பைப் படித்தேன். எண்ணைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பெரிய கம்பெனி கார்டுகளையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டிருந்தது. மறுபடியும் ஓடவிட்டேன். அதே எண். அந்த மாத இதழில் அது முதல் இடம். நட்சத்திரம் வேறு போட்டோம்.

இனி என் நண்பனைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். சாந்தோமில் வீடு. அம்மா பங்குக் கோயில் பள்ளியில் டீச்சர். அவன் மருந்துக் கம்பெனி ரெப்பாக மூன்று வருடம் டாக்டர்கள் வீட்டு வாசலில் பையோடு உட்கார்ந்து உட்கார்ந்து வெறுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு ஒரு கேம் சென்டர் ஆரம்பிக்கப்போவதாகச் சொன்னான். வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் சின்னதாக ஓர் இடம் பிடித்திருந்தான். நான்கு மிஷின். கோடை விடுமுறையை நம்பித்தான் எல்லாம். அந்த ரெப் வேலையை வாங்கிக்கொடுத்தது அவனுடைய அண்ணன். அவருக்குக் கடும் கோபம். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று: பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கடை நிலைத்தால் சரி, இல்லாவிட்டால் மறுபேச்சு இல்லாமல் பையை எடுத்துக்கொண்டு பழைய வேலைக்கே போய்விட வேண்டும்.

"இன்னா கார்டு போடட்டும் மச்சி?" என்று என்னைத்தான் கேட்டான்.

"டேபிள்ல முதல்ல இருக்கே, அதைப் போடு" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நான்கு மிஷினுக்கும் அதையே போட்டான். என் பக்கத்தைக் கத்தரித்து, லேமினேட் செய்து, கண்ணாடிக் கதவில் ஒட்டினான். முதல் இடம் என்பதைச் சுற்றிச் சிவப்பு ஸ்கெட்ச்சில் வட்டம்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். கீபோர்டுகள் மேல் பாலிதீன் விரித்திருந்தோம். அவன் அம்மா எல்லோருக்கும் ரஸ்னா கொடுத்தார். பத்து மணிக்கே இருபது பையன்கள் வந்துவிட்டார்கள். பத்திரிகையில் முதலிடம் வாங்கிய கார்டு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

மிஷின்கள் முந்தைய இரவுதான் மாட்டி முடிந்திருந்தன. முதலில் படகு ஆட்டத்தைத்தான் போட்டான். கரை வந்தது, தென்னை மரங்கள் வந்தன, படகு வந்தது. தண்ணீரைக் காணோம். படகு அந்தரத்தில், ஒன்றுமில்லாத சாம்பல் வெளியில் விர்ரென்று போயிற்று. அப்படி ஒரு வேகம். அந்த வருடம் ஊரில் லாரித் தண்ணீர்தான். பின்னால் நின்ற ஒரு பையன் கேட்டான்.

"அண்ணா, இன்னும் தண்ணி லாரி வரலையா?"

கடை முழுக்கச் சிரிப்பு. வேறு ஆட்டம் போட்டான். துப்பாக்கி சுட்டது, நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஜன்னலில் கண்ணாடி இல்லை. குண்டு மட்டும் காற்றில் மோதி நின்றது. மத்தியானத்துக்குள் பையன்கள் தெப்பக்குளத்துப் பக்கம் கிரிக்கெட் ஆடப் போய்விட்டார்கள்.

"இன்னாடா இது" என்று அவன் என்னிடம் வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். "கார்டு நல்ல கார்டுதான். உன் டேபிள்லயே முதல்ல கீது. மானிட்டர் வித்தவன்தான் எனக்கு மட்டமா தள்ளிட்டான் போல."

"இருக்கலாம்" என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்ன வார்த்தைகளில் எனக்கு மிகவும் அருவருப்பானது அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் அலுவலகம் போனதும் அக்காவின் மானிட்டரைப் பிடுங்கிச் சோதனை சிபியுவில் செருகி, எட்டு மாதத்தில் முதல் முறையாக அந்த ஓட்டத்தை உட்கார்ந்து பார்த்தேன். அக்கா இட்லியை வாயில் வைத்தபடியே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, படகு ஏன் அந்தரத்துல போகுது?"

எந்த கேமும் ஆடாதவருக்கு ஐந்து வினாடியில் தெரிந்துவிட்டது. முதல் சுற்று முடிவதற்குள் அணைத்துவிட்டேன். பின்னால் இருப்பது தெரியும்படி ஒன்றின் மேல் ஒன்றை வரைவதுதான் கார்டுக்கு ரொம்பக் கடினமான வேலை. தண்ணீர், புகை, கண்ணாடி எல்லாமே அந்த வகை. இந்த கார்டு அதையெல்லாம் வரையாமலே விட்டுவிட்டது. பாதி வேலையைச் செய்யாதவன் சீக்கிரம் முடித்துவிட்டான், நான் அவனுக்கு நட்சத்திரம் கொடுத்துவிட்டேன்.

ஆசிரியரிடம் போனேன். சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், அந்த கார்டு தண்ணியே வரைய மாட்டேங்குது. அதனாலதான் அவ்வளவு வேகம்."

"நாம போட்ட எண் தப்பா?"

"எண் சரிதான் சார்."

"அப்புறம் என்னப்பா? நாம போட்டது எண்ணைத்தானே." சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டீலர்கிட்ட பேசறேன். புது டிரைவர் வரும்னு சொல்லிண்டிருந்தார். வந்தா எல்லாம் சரியாயிடும். அதுக்குள்ள திருத்தம் கிருத்தம்னு ஆரம்பிக்காதே. பின்னட்டை போயிடும்."

அங்கேயே வேலையை உதறிவிட்டு வந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதினால் பொய். சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. புது டிரைவர் வந்துவிட்டால் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் வந்துவிட்டால் நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் செய்ததை நினைத்தால்தான் தொண்டையில் அந்தப் புளிப்பு ஏறும். தினமும் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே அவன் கடைக்குப் போவேன். அவன் தன் மிஷின்கள்மேல் பழியைப் போட்டுக்கொண்டே இருந்தான். மானிட்டர் கேபிள் நான்கையும் மாற்றினோம். நான்தான் குனிந்து திருகாணி முடுக்கினேன். அவன் சித்தப்பா வீட்டு மானிட்டரை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டுப் பார்த்தோம். கடைசியில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, எர்த் சரியில்லை, அதனால்தான் படத்தில் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார். அக்னி நட்சத்திர வெயிலில் கடைக்குப் பின்னால் புது எர்த்துக்குக் குழி தோண்டினோம். கடப்பாரை பிடித்தது நான். உப்பும் அடுப்புக்கரியும் போட்டு நிரப்பி, அது காயாமல் இருக்கத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவன் அம்மா லாரிக்கு வரிசையில் நின்று பிடித்த தண்ணீரில் ஒரு குடத்தை அதற்கென்று எடுத்து வைத்தார்.

"ஊத்துப்பா, புள்ள கடை நல்லா ஓடட்டும்" என்று குடத்தை என் கையில்தான் கொடுத்தார்.

ஊற்றினேன். ஏழெட்டு நாள் ஊற்றினேன்.

பையன்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வந்தவர்களும் தண்ணீர், புகை எதுவும் தேவைப்படாத பழைய ஆட்டங்களை ஆடிவிட்டுப் போனார்கள். அவன் அண்ணன் ஒருநாள் ஸ்கூட்டரில் வந்து, உள்ளே வராமலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நண்பன் அதைக் கவனிக்காத மாதிரி துணியால் மானிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பள்ளிக்கூடம் திறக்க நான்கு நாள் இருக்கும்போது டீலரிடமிருந்து புது ஃபிளாப்பி வந்தது. அன்றைக்கு மத்தியானமே எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடையில் அவனைத் தவிர யாரும் இல்லை. முதல் மிஷினில் ஏற்றிப் படகு ஆட்டத்தைப் போட்டேன்.

தண்ணீர் வந்தது. நீலமாக, வெயில் பட்டு மினுமினுத்துக்கொண்டு, கரையோரம் நுரையோடு வந்தது.

"தண்ணி வந்துச்சுடா" என்று அவன் என் தோளைப் பிடித்தான். முகமெல்லாம் சிரிப்பு.

நான் படகை நகர்த்தினேன். படகு ஓர் அடி போய் நின்றது. பிறகு இன்னோர் அடி. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு படமாக வந்தது. மற்ற மூன்று மிஷினிலும் ஏற்றிப் பார்த்தோம். எல்லாம் அப்படியே. தண்ணீரை வரையச் சொன்னதும் முதல் இடத்து கார்டுக்கு மூச்சு வாங்கிவிட்டது. நாங்கள் சோதித்த கார்டுகளிலேயே இதுதான் கடைசியாக வந்திருக்கும்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தான். மருந்து விற்றவன், டாக்டர் முகத்தைப் பார்த்தே எழுதுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவான்.

"நீ டெஸ்ட் பண்ணப்போ தண்ணி இருந்துச்சா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் பாக்கல. மானிட்டர் இல்லாமதான் ஓட்டுவேன். எண்ணை மட்டும்தான் பாப்பேன்."

அவன் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். பேசியபோது சத்தம் ஏறவில்லை.

"சரி, அப்ப தெரியாது. எப்ப தெரிஞ்சிச்சு உனக்கு?"

"நீ கடை தொறந்த மறுநாள்."

"மறுநாளா." மேசைக்கடியில் நாங்கள் மாற்றிய கேபிள்களை ஒருமுறை பார்த்தான். "அப்பால இன்னாத்துக்குடா எங்கூட குனிஞ்சி குனிஞ்சி கேபிள் மாத்துன? எங்கம்மா குடுத்த தண்ணிய இன்னாத்துக்கு ஊத்துன?"

என் பெயர் கெட்டுவிடும் என்று பயம், வேலை போய்விடும் என்று பயம், டிரைவர் வந்துவிடும் என்ற நப்பாசை. எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தப்புதான்டா என்று மட்டும் சொன்னேன்.

திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த பக்கத்தை நகத்தால் சுரண்டி எடுத்தான். அதை என் முன்னால் கீபோர்டின் மேல் வைத்தான். ஷட்டரைப் பாதி இறக்கினான். நான் எழுந்திருக்கப் போனேன். தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"எங்க போற? ஆட்டத்தை முடி."

"இது நகரவே மாட்டேங்குதுடா."

"பரவால்ல. நான் வெயிட் பண்றேன்."

அந்தப் படகுப் பந்தயத்தில் மூன்று சுற்று. ஒழுங்கான மிஷினில் ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தான். இரண்டாவது சுற்றில் ஒரு பாலம் வரும், அதன் கீழே தண்ணீரில் பாலத்தின் நிழல் விழும் என்பது எனக்குத் தெரியாது. கடைசிச் சுற்றில் மழை பெய்யும் என்பதும் தெரியாது. எத்தனையோ கார்டுகளுக்கு அந்த ஆட்டத்தை வைத்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். மழை ஆரம்பித்ததும் படகு கிட்டத்தட்ட நின்றேவிட்டது. நான் கண்ணைத் திருப்பிக் கதவைப் பார்த்தேன்.

"அங்க இன்னா கீது" என்றான். "ஸ்கிரீனைப் பாரு."